பாலும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம்!

"இத்தனை விலை கொடுத்து வாங்கிய தேயிலை, போட்டுப் பார்த்தால் வெறும் வெந்நீராக அல்லவா இருக்கிறது!" என்று அங்கலாய்க்கும் சகோதரிகள் இப்போது பெருகி வருகிறார்கள். வடக்கே யாத்திரை போனவர்களோ, உத்தியோக நிமித்தம் போய்த் திரும்பியவர்களோ ஒரு சின்ன டப்பாவை ஆசையோடு நீட்டுகிறார்கள். மேலே 'இமாலய மஞ்சள் தேயிலை' என்று பொன்னெழுத்து. வீட்டு அம்மாள் வழக்கம் போல் இரண்டு ஸ்பூன் அள்ளிப் போட்டு, பாலை விட்டு, இஞ்சியைத் தட்டிப் போட்டுத் தளதளவென்று கொதிக்க வைக்கிறாள். கடைசியில் கிடைப்பது இஞ்சிப் பால்! டப்பா அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடுகிறது.

தேயிலையின் பேரிலும் குற்றமில்லை. அம்மாளின் பேரிலும் குற்றமில்லை. பட்டுப் புடவையைக் கல்லில் அடித்துத் துவைக்க முடியுமா? அததற்கு ஒரு பக்குவம் உண்டல்லவா? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். மஞ்சள் தேயிலை என்றால் மஞ்சள்பொடி கலந்தது அல்ல. நாம் தினமும் போடும் கறுப்புத் தேயிலை, பச்சைத் தேயிலை, மஞ்சள் தேயிலை எல்லாம் ஒரே செடியின் குழந்தைகள்தான். வளர்க்கிற விதத்தில்தான் வித்தியாசம். பறித்த கொழுந்தை வாட்டி, கசக்கி, காற்றுப் பட்டுக் கறுக்க விட்டால் கறுப்புத் தேயிலை. பறித்தவுடன் சூடு காட்டி அப்படியே உலர்த்திவிட்டால் பச்சை. மஞ்சளுக்கு நடுவே இன்னும் ஒரு காரியம் இருக்கிறது. சூடு காட்டிய கொழுந்தை, ஈரமும் வெதுவெதுப்பும் இருக்கும்போதே துணியிலோ காகிதத்திலோ பொதிந்து வைத்துவிடுகிறார்கள். சில மணி நேரம் முதல் இரண்டு மூன்று நாள் வரை அது அப்படியே புழுங்குகிறது. பழத்தை வைக்கோலில் பழுக்க வைப்பதில்லையா, கிட்டத்தட்ட அந்த மாதிரி! பச்சைத் தேயிலையின் புல் வாடையும் துவர்ப்பும் அடங்கி, ஓர் இதமான இனிப்பு வந்து சேருகிறது. பிறகு மெல்ல மெல்ல உலர்த்துகிறார்கள்.

இந்த வித்தை பிறந்த இடம் சீனா. ஹூனான் மாகாணத்தில் டோங்டிங் ஏரியின் நடுவே ஜுன்ஷான் என்று ஒரு தீவு. அங்கே விளையும் மொட்டுத் தேயிலைதான் மஞ்சள் ஜாதியில் பேர்போனது. வேலை அதிகம், பொதிந்து வைத்த நேரம் கொஞ்சம் தவறினாலும் எல்லாம் பாழ். அதனால் செய்கிறவர்கள் குறைவு. இப்போது கிழக்கு நேபாளத்திலும் தார்ஜிலிங்கிலும் சில தோட்டக்காரர்கள் இந்த முறையைக் கைக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து விற்கிறார்கள்.

தார்ஜிலிங்கில் தேயிலை வந்த கதையும் சுவையானதுதான். 1841-இல் டாக்டர் காம்ப்பெல் என்ற துரை தம் வீட்டுத் தோட்டத்தில் விளையாட்டாக விதை போட்டுப் பார்த்தார். அது பிழைத்துக் கொண்டது. எல்லைக்கு அப்பால் நேபாளத்து இலாமில் 1863-இல் தோட்டம் பிறந்தது. குளிர்காலம் முழுவதும் செடி தூங்கும். பிப்ரவரி கடைசியில் விழித்துக்கொண்டு துளிர் விடும். அந்த முதல் துளிருக்குத்தான் அத்தனை மவுசு.

அந்தத் துளிரைப் பறிக்கும் கைகள் யாருடையவை? பெரும்பாலும் பெண்களுடையவைதான். செங்குத்தான மலைச் சரிவில், நெற்றியில் மாட்டிய பட்டையிலே முதுகுக் கூடை தொங்க, 'இரண்டு இலை, ஒரு மொட்டு' என்று விரல் நுனியால் கிள்ளுகிறார்கள். தார்ஜிலிங்கில் ஒரு கிலோ தேயிலைக்கு இருபதாயிரம் கொழுந்துக்கு மேல் வேண்டும். ஒரு கோப்பைக்கு இரண்டரை கிராம் என்று கணக்குப் போடுங்கள்: ஐம்பது கொழுந்து! ஐம்பது தடவை ஒரு பெண்மணி குனிந்து கிள்ளியதைத்தான் நாம் ஒரே மூச்சில் குடித்துவிடுகிறோம். மேற்கு வங்காளத் தோட்டங்களில் நாட்கூலி 250 ரூபாய் ஆனதே 2023-ஆம் ஆண்டில்தான். நல்ல முதல் துளிர்த் தேயிலை ஐம்பது கிராம் வாங்கினாலே அந்த ஒரு நாள் கூலியைத் தாண்டிவிடுகிறது. 2017-இல் தனி மாநிலக் கிளர்ச்சியால் மலையில் 104 நாள் கதவடைப்பு நடந்தபோது, அந்தக் கூலியும் இல்லாமல் போயிற்று. ஆகவே டப்பாவைத் திறக்கும்போது கொஞ்சம் மரியாதையோடு திறப்போம்.

இனி பக்குவத்துக்கு வருவோம்.

ஜலம் நல்ல ஜலமாக இருக்கட்டும். கொதி வந்ததும் இறக்கி, வேறொரு பாத்திரத்தில் ஊற்றி, மூன்று நாலு நிமிஷம் ஆற விடுங்கள். எண்பது டிகிரிச் சூடு போதும். கொதிக்கிற ஜலத்தைக் கொட்டினால் இளங்கொழுந்து வெந்து கசக்கும். பெரிய கோப்பைக்கு ஒரு ஸ்பூன் இலை. எவர்சில்வரை விடப் பீங்கானோ கண்ணாடியோ உத்தமம். நிறத்தைப் பார்ப்பதே பாதி சந்தோஷம். ஜலத்தை ஊற்றி, மூடி வைத்து, மூன்று நிமிஷம் கழித்து வடிகட்டுங்கள். இளம் வைக்கோல் நிறத்தில் இருக்கும். பால் விட்டால் வாசனை போயிற்று. சர்க்கரை போட்டால் அதற்கென்று உள்ள இனிப்பு தெரியாது. முதல் வாய் சப்பென்றுதான் இருக்கும். மூன்றாவது வாயில் நாக்கின் அடியில் மெல்ல இனிக்கும்.

இலையை எறிந்துவிடாதீர்கள்! அதே இலையில் இன்னும் இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிஷம் கூடுதலாக வைத்து, ஜலம் விடலாம். விலையை மூன்றால் வகுத்துப் பாருங்கள். அவ்வளவு கொள்ளை அல்ல என்று தோன்றும்.

தேயிலைக்கு ஒரு கெட்ட குணம்: பக்கத்து வீட்டு வாசனையையெல்லாம் இழுத்துக்கொள்ளும். பெருங்காயம், காப்பிப்பொடி, சாம்பார்ப்பொடி ஆகியவற்றின் பக்கத்தில் வைக்கவே கூடாது. இறுக்க மூடிய டப்பாவில், வெளிச்சம் படாமல் வையுங்கள். வருஷத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

வாங்கும்போது தோட்டத்தின் பெயரும் பறித்த வருஷமும் டப்பாவில் இருக்கிறதா என்று பாருங்கள். 'இமாலயம்' என்று மட்டும் போட்டிருந்தால் போதாது, இமயமலை நீளமானது! தார்ஜிலிங் என்ற பெயருக்கு 2004-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் நாட்டில் முதன் முதலாக அதைப் பெற்ற பொருளே அதுதான். உள்ளே தூளாக இல்லாமல் இலையும் மொட்டும் முழுசாக இருக்கவேண்டும். 'உடம்பு இளைக்கும், சகல வியாதியும் தீரும்' என்று எழுதியிருந்தால் அந்த வாக்கியத்தைப் படிக்காமல் விட்டுவிடுங்கள். சோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடு எந்தத் தேநீரையும் குடிக்க வேண்டாம். உணவிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர அது தடை செய்யும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம்.

கடைசியாக ஒன்று. பத்துப் பேருக்கு அண்டாவில் போடுகிற பானம் இது அல்ல. காலைக் காப்பியை எல்லோருக்கும் கலந்து கொடுத்துவிட்டு, ஆறிப்போன மிச்சத்தை நின்றபடியே விழுங்குவது நம் வழக்கம். பிற்பகல் மூன்று மணிக்கு, குழந்தைகள் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்புவதற்கு முன், ஒரே ஒரு கோப்பை உங்களுக்கென்று போட்டுக்கொள்ளுங்கள். உட்கார்ந்து குடியுங்கள்.

"எனக்கு எங்கே?" என்று யாராவது கேட்டால், இரண்டாவது ஜலம் இருக்கவே இருக்கிறது!