இயந்திரம் நின்றபோது

வருங்காலத்தைக் கற்பனை செய்யும் கதைகள் பெரும்பாலும் காலஞ் செல்லப் பழமைப்பட்டுப் போகின்றன. ஈ. எம். போஸ்டர் எழுதிய 'இயந்திரம் நிற்கின்றது' என்னும் சிறுகதையோ வயது ஏற ஏறப் புதுமை பெறுகின்றது. இந்தியாவைப் பற்றிய தமது நாவலால் நம்மவர் பலருக்கும் அறிமுகமான அவ்வாங்கில ஆசிரியர் இதனை வெளியிட்ட ஆண்டு 1909. வானொலியும் தொலைக்காட்சியும் வீடுகளுள் புகாத காலம் அது.

கதையில் மாந்தர் அனைவரும் நிலத்தின் கீழே, தேன்கூட்டின் கண் போன்ற அறுகோண அறைகளிலே தனித்தனியே வாழ்கின்றனர். பொத்தானை அழுத்தினால் உணவு வரும், இசை வரும், மருந்தும் வரும். எல்லாவற்றையும் தருவது இயந்திரம். வஷ்டி என்னும் மாது ஆயிரக்கணக்கானோரை அறிந்தவள். எனினும், எவரையும் நேரிற் காண விரும்பாதவள். உலகின் மறுபுறத்தில் வாழும் மகன் கூனோ ஒளித்தட்டில் தோன்றி, "நேரில் வாருங்கள்" என்று வேண்டுகின்றான். தட்டிலே தெரிவது தாயின் சாயலேயன்றித் தாயல்லள் என்பது அவன் குறை. அவளோ மகனுக்கு ஐந்து நிமிடமே ஒதுக்கியிருக்கின்றாள். அடுத்து அவளது சொற்பொழிவு காத்திருக்கின்றது!

அவ்வுலகில் அறிவு குறைந்துவிடவில்லை; சொற்பொழிவுகளுக்கும் பஞ்சமில்லை. ஆனால், கண்ணாரக் கண்டு பெற்ற அறிவை அவர்கள் இழிவாக எண்ணுகின்றனர். ஒருவர் கூறியதை மற்றொருவர் கூறி, அதனைப் பத்தாமவர் கூறக் கேட்பதே அங்கு மேன்மை. வானூர்தியில் இமயத்தைக் கடக்கும்போதும் அதிற் கருத்தேதும் இல்லையென்று வஷ்டி சாளரத்தை மூடிவிடுகின்றாள்.

பின்னர் இயந்திரம் சிறிது சிறிதாகப் பழுதடைகின்றது. இசையிலே அபசுரம் கேட்கின்றது. குளிக்கும் நீர் நாறுகின்றது. முதலில் முறையிட்ட மக்கள், நாளடைவில் அவற்றுக்கும் பழகிப் போகின்றனர். கதையின் உயிர்நிலை இதுவே என்பது நம் கருத்து. இயந்திரம் திடீரென நின்றதால் அவர்கள் அழியவில்லை. குறையைக் குறையென்று உணரும் ஆற்றலை அதற்கு முன்னரே இழந்திருந்தனர். முழுவதையும் அறிந்து செப்பனிட வல்லார் ஒருவரும் எஞ்சவில்லை. இறுதி இருளிலே தாயும் மகனும் மீண்டும் நேரிற் சந்தித்துத் தழுவிக்கொள்கின்றனர்.

எச். ஜி. வெல்ஸ் கண்ட விஞ்ஞான சுவர்க்கங்களுள் ஒன்றுக்கு மறுப்பாகவே இதனை எழுதியதாகப் போஸ்டர் பின்னாளிற் குறித்தார். ஆயினும், இதனை விஞ்ஞானத்தின்மீது தொடுத்த வசையாகக் கொள்ளல் பொருந்தாது. கடல் கடந்து வாழும் பிள்ளையின் முகத்தைக் கைத்தொலைபேசியிற் காணும் தாய்க்கு அக்கருவி ஒரு வரமே. அதே வீட்டில், ஒரே மேசையைச் சுற்றியமர்ந்து, ஆளுக்கொரு திரையை நோக்கியிருப்போமாயின், வஷ்டியின் அறைக்கும் நம் இல்லத்துக்கும் சுவர் ஒன்றே இடைவெளி.

மூன்று பகுதிகளாலான இக்கதையை மாணவர் ஒரு மாலைப் பொழுதிற் படித்து முடிக்கலாம். பிறர் சொல்லக் கேட்டதோடு அமையாது, மூலத்தையே தேடிப் படியுங்கள். நாம் இங்கு எழுதியதும் இரண்டாங்கைச் சரக்குத்தானே!