பிறைக் கணக்கும் பக்கத்து வீடும்

கோலா சிலாங்கூரின் மெலாவாத்தி மலையில் நின்றால் மேற்கே மலாக்கா நீரிணை தடையின்றித் தெரியும். மலேசியாவில் பிறை பார்ப்பதற்கென அறிவிக்கப்பட்ட இடங்களில் இதுவும் ஒன்று. நோன்பு மாதமான ரமலானுக்கு முந்தைய மாதத்தின் 29-ஆம் நாள் மாலையில் அதிகாரிகள் இங்கே தொலைநோக்கிகளோடு கூடி, சூரியன் மறைந்த அடிவானத்தில் மெல்லிய பிறையைத் தேடுகிறார்கள். அன்றிரவே ஆட்சியாளர்களின் முத்திரைக் காப்பாளர் நோன்பு தொடங்கும் நாளைத் தொலைக்காட்சியில் அறிவிக்கிறார்.

அந்த மலையிலிருந்து சற்று உள்ளே போனால் தோட்டங்கள். இந்நாட்டில் வணிக நோக்கில் முதன்முதலாகச் செம்பனை பயிரிட்ட தென்னமரம் தோட்டம், 1917-இல் இந்த வட்டாரத்தில்தான் தொடங்கியது. புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா என்று தமிழர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண் இது. லயத்தில் குடியிருந்தபோது கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை எல்லாமே தோட்டத்து எல்லைக்குள் அடங்கின. இன்று லயங்களை விட்டுத் தாமானுக்கு வந்துவிட்ட குடும்பங்களுக்குச் சுவரை அடுத்த வீடே மலாய் முஸ்லிம் வீடு. ஆனாலும் இஸ்லாத்தைப் பற்றித் தமிழ் வீடுகளுக்கு வந்து சேரும் செய்தி பெரும்பாலும் மதமாற்ற வழக்காகவோ அரசியல் சர்ச்சையாகவோ இருக்கிறது. வழக்கை அறிந்து சமயத்தை அறியாமல் இருப்பது இரு தரப்புக்கும் நட்டம்.

இஸ்லாத்துக்குள் நுழைய எளிய வாசல் அதன் காலக் கணக்கு. மக்காவில் சுமார் 570-இல் பிறந்த முகம்மது நபி, வணிகராக வாழ்ந்து, 40 வயதை எட்டியபோது, 610-இல் ஹிரா குகையில் முதல் இறைச்செய்தியைப் பெற்றார் என்பது முஸ்லிம்களின் நம்பிக்கை. அதன் சாரம்: இறைவன் ஒருவனே, அவனுக்கு உருவமோ இணையோ இல்லை. அனாதையையும் ஏழையையும் புறக்கணிக்கும் செல்வம் பாவம். இந்தச் செய்தி மக்காவின் செல்வாக்கான குலத்தவரைச் சினப்படுத்தியது. துன்பம் பெருகவே 622-இல் அவரும் தோழர்களும் மதீனாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். 630-இல் மக்கா அவர் வசமாயிற்று; 632-இல் அவர் மறைந்தார். பின்னாளில் கலீஃபா உமர் காலத்தில் ஆண்டுக் கணக்கை வகுத்தபோது, நபி பிறந்த ஆண்டையோ முதல் இறைச்செய்தி வந்த ஆண்டையோ எடுக்கவில்லை. குடிபெயர்ந்த ஆண்டையே முதலாண்டாக வைத்தார்கள். ஊரை விட்டு வந்தவர்கள் ஒரு சமூகமாகச் சேர்ந்த நிகழ்வுக்கு அவ்வளவு மதிப்பு. பஞ்சம் பிழைக்கக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது எளிதில் விளங்கும்.

இறைவன், வானவர்கள், வேதங்கள், தூதர்கள், தீர்ப்பு நாள், விதி ஆகிய ஆறும் நம்பிக்கையின் அடிப்படை. இப்ராஹிம், மூஸா, ஈஸா ஆகியோரும் தூதர்களே. முகம்மது இறுதித் தூதர். ஆனாலும் மனிதர், வணக்கத்துக்குரியவர் அல்லர்.

நம்பிக்கை அன்றாடமாவது ஐந்து கடமைகளில்: கலிமா, தொழுகை, நோன்பு, ஸகாத், ஹஜ். கலிமா வாழ்நாள் முழுமைக்குமான உறுதிமொழி. தொழுகைக்குச் சூரியனே கடிகாரம். விடியலுக்கு முன் பெரட்டுக்குப் புறப்பட்ட தோட்டத் தொழிலாளியின் காதில் விழுந்த தொழுகை அழைப்பான பாங்கு, நாளின் முதல் தொழுகையான சுபுஹுக்கு உரியது. அதன்பின் லுஹர், அஸர், மக்ரிப், இஷா.

ஸகாத் ஓராண்டுக் கணக்கு. குறித்த அளவுக்கு மேற்பட்ட சேமிப்பு ஒரு சந்திர ஆண்டு கையில் நின்றால் அதில் 2.5 விழுக்காடு ஏழைகள் உள்ளிட்ட எட்டு வகையினருக்கு உரியது. விளைச்சலுக்கு விதி வேறு. தஞ்சோங் காராங், செகிஞ்சான் பக்கம் வயல் வைத்திருக்கும் முஸ்லிம் உழவர், விளைச்சல் வரம்பைத் தாண்டினால் அறுவடையின்போதே கொடுக்க வேண்டும்: மழையை நம்பி விளைந்த நெல்லில் 10 விழுக்காடு, செலவிட்டு நீர் பாய்ச்சி விளைந்ததில் 5 விழுக்காடு. உழைப்பும் செலவும் கூடினால் கடமை குறைகிறது. உடல் உழைப்பால் வாழும் மக்கள் கவனிக்க வேண்டிய நியாயம் இது.

ஹஜ் வாழ்நாளில் ஒருமுறை, அதுவும் வசதியும் உடல்நலமும் உள்ளவருக்கு மட்டும். நிலத்தையும் மாட்டையும் விற்று மக்கா போய்த் திரும்பிய கிராமத்து மலாய்க்காரர்கள் வறுமையில் விழுவதைத் தடுக்க வழி தேடினார் பொருளியல் அறிஞர் உங்கு அசிஸ். அவர் 1959-இல் முன்வைத்த யோசனைதான் பின்னர் ‘தாபோங் ஹாஜி’ என்னும் சேமிப்பு நிறுவனமாக வளர்ந்தது.

நோன்பு ஏன் ஆண்டுதோறும் தேதி மாறுகிறது? இஸ்லாமிய ஆண்டு 354 அல்லது 355 நாள். நம் பஞ்சாங்கமும் திதியைச் சந்திரனை வைத்தே கணிக்கிறது. ஆனால் மாதங்களைச் சூரியனை வைத்துக் கணித்துப் பருவத்தோடு ஒட்டவைக்கிறது. சந்திர ஆண்டில் மாதம் கூட்டிப் பருவத்தோடு ஒட்டவைப்பதைக் குர்ஆன் விலக்கியது. அதனால் நோன்பும் அதன் முடிவில் வரும் பெருநாளும் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்து, ஏறத்தாழ 33 ஆண்டில் ஒரு சுற்று முடிக்கின்றன. 2005-இல் நவம்பர் 1 தீபாவளி, நவம்பர் 3 பெருநாள்; 2006-இல் அக்டோபர் 21, அக்டோபர் 24. இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. தீபாவளி அமாவாசையை ஒட்டி வருகிறது, பெருநாள் அமாவாசை கழிந்த பிறையில் பிறக்கிறது. 2037, 2038 வாக்கில் இரண்டும் மறுபடி அடுத்தடுத்து வரும்.

இதையெல்லாம் அறிய மலாயோ அரபோ கற்க வேண்டியதில்லை. 17-ஆம் நூற்றாண்டிலேயே உமறுப் புலவர் நபியின் வாழ்வைச் சீறாப்புராணமாகத் தமிழில் பாடிவிட்டார். காயல்பட்டினத்திலிருந்தும் நாகூரிலிருந்தும் கடல் கடந்து வந்த தமிழ் முஸ்லிம்களின் வழித்தோன்றல்கள் இந்நாட்டு நகரங்களில் வாழ்கிறார்கள். தோட்டத்துக் கோயில் நிர்வாகங்களும் தமிழ் முஸ்லிம் அமைப்புகளும் சேர்ந்து, ஒவ்வோர் ஆண்டும் நோன்புக்கு முன் தமிழிலேயே ஒரு விளக்கக் கூட்டம் நடத்தலாம். கோயில் பிரசாதத்தை முஸ்லிம் நண்பர் ஏன் ஏற்பதில்லை, திருமணத்துக்காக மதம் மாறினால் சட்டப்படி என்னென்ன மாறும், பிள்ளைகளின் நிலை என்ன என்ற கேள்விகளைத் தயங்காமல் அங்கே கேட்க இடம் தரவேண்டும். ஸகாத் கணக்கை விளக்கத் தெரிந்தவரும் சட்டம் தெரிந்தவரும் ஒரே மேடையில் இருந்தால் பெற்றோர் தங்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருவார்கள்.