'சின்னப் பசங்க புக்'குக்கு என்ன குறைச்சல்?

டெர்ரி பிராட்செட் வாசகர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். நான்கு யானைகள் சுமக்க, ஓர் ஆமையின் முதுகில் பயணிக்கும் தட்டை உலகம்தான் அவருடைய டிஸ்க்வேர்ல்ட். மொத்தம் 41 நாவல்கள். நகரக் காவல்படை கதைகளைப் பற்றிக் கேட்டால் மணிக்கணக்கில் பேசுவார்கள். மரணமே ஒரு பாத்திரமாக வரும் கதைகளைப் பற்றிக் கேட்டால் தத்துவமே பேசுவார்கள். டிஃபனி ஏக்கிங் என்ற சிறுமி வரும் 5 நாவல்களைப் பற்றிக் கேட்டால் மட்டும் குரல் இறங்கிவிடும். "அது சின்னப் பசங்களுக்கு எழுதினதுதான், ஆனாலும் நல்லா இருக்கும்."

இந்த 'ஆனாலும்' மீதுதான் எனக்குக் கோபம்.

இன்னொரு கட்சியும் உண்டு. "அதெல்லாம் உண்மையில பெரியவங்களுக்கான நாவல்தான் பாஸ், பதிப்பாளர் தப்பா லேபிள் ஒட்டிட்டான்" என்பார்கள். ஆதரிப்பதுபோலத் தெரியும். ஆனால் இதுவும் அதே அவமரியாதைதான், கொஞ்சம் நாசூக்காக. சிறுவர்களுக்கு எழுதியது நன்றாக இருக்க வாய்ப்பில்லை, நன்றாக இருந்தால் அது பெரியவர்களுக்கு எழுதியதாகத்தான் இருக்க வேண்டும் என்ற கணக்கு. சிறார் இலக்கியம் என்றாலே நீதிக்கதை என்று பழகிவிட்ட நம்மிடம் இந்தக் கணக்கு இன்னும் நன்றாகச் செல்லுபடியாகிறது. நான் சொல்வது வேறு. இந்த நாவல்கள் இளையோருக்கு எழுதப்பட்டவை. இவ்வளவு நன்றாக இருப்பதற்கு அதுவே காரணம்.

2003இல் வந்த 'தி வீ ஃப்ரீ மென்'னை எடுத்துக்கொள்வோம். டிஃபனிக்கு 9 வயது. ஆட்டு மந்தை மேயும் சுண்ணாம்புக் குன்றுகள்தான் அவள் ஊர். ஆற்றில் ஒரு பூதத்தைப் பார்க்கிறாள். அதன் கண்கள் சூப் தட்டு அளவு இருக்கும் என்கிறது வீட்டிலிருக்கும் கதைப்புத்தகம். அவள் போய் ஒரு சூப் தட்டை அளந்து பார்க்கிறாள். 8 அங்குலம். பிறகு வாணலியைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போகிறாள்.

சிரிப்பு வரும். சில பக்கங்களிலேயே அந்தச் சிரிப்பு தொண்டையில் சிக்கும். அந்த ஊரில் தனியாக வாழ்ந்த ஒரு கிழவி இருந்தாள். பல் இல்லை, தனக்குத்தானே பேசிக்கொள்வாள். பிரபுவின் மகன் காணாமல் போனதும் கிழவிதான் சூனியக்காரி என்று ஊர் முடிவுகட்டியது. வீட்டை விட்டுத் துரத்தினார்கள். பனிக்காலத்தில் செத்துப்போனாள். டிஃபனி கேட்பது ஒரே கேள்விதான்: ஆதாரம் எங்கே? கதைகளில் சூனியக்காரி பிள்ளைகளை அடுப்பில் வேகவைப்பாள். இந்தக் கிழவியின் அடுப்புக்குள் ஒரு பிள்ளை நுழையவே முடியாதே என்று பார்த்து வைத்திருக்கிறாள் டிஃபனி. இனி ஊரில் இப்படி நடக்கக் கூடாது என்றுதான் அவளே சூனியக்காரியாக முடிவெடுக்கிறாள். தட்டை அளந்ததும் அடுப்பைக் கணக்குப் போட்டதும் ஒரே மூளைதான். வதந்தியை நம்பி ஒருவரை ஊரே சேர்ந்து அடிப்பதை ஃபோனில் பார்த்து வளரும் ஒரு தலைமுறைக்கு இதைவிட அவசரமான பாடம் என்ன இருக்கிறது?

அடுத்த நாவல், 'எ ஹேட் ஃபுல் ஆஃப் ஸ்கை' (2004). மந்திரம் கற்கப் போன டிஃபனிக்குக் கிடைப்பது வேலை. கிழவர்களுக்குக் கால் நகம் வெட்ட வேண்டும், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், வீடு வீடாகப் போக வேண்டும். ஒரு முதியவர் தன் இறுதிச் சடங்குக்கென்று பெட்டியில் காசு சேர்த்து வைத்திருக்கிறார். உடலற்ற ஓர் ஆவி டிஃபனிக்குள் புகுந்து, அவள் கையாலேயே அந்தக் காசை எடுத்துவிடுகிறது. மீண்டு வந்தபின் "அது நானில்லை" என்று அவள் சுலபமாகச் சொல்லியிருக்கலாம். சொல்வதில்லை. ஆவி பயன்படுத்தியது தனக்குள் ஏற்கெனவே இருந்த ஏதோ ஒன்றைத்தான் என்று அவளுக்குத் தெரியும். பொறுப்பு என்றால் என்ன என்பதை இவ்வளவு நேராகக் கேட்கும் 'சீரியஸ்' நாவல்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

2010இல் வந்த 'ஐ ஷல் வேர் மிட்நைட்' இன்னும் கடுமை. 13 வயதுப் பெண்ணை, அவள் கர்ப்பமாக இருப்பதற்காக, அப்பனே அடிக்கிறான். கரு கலைந்துவிடுகிறது. ஊர் அவனைத் தேடிக் கிளம்புகிறது. அவனை அருவருக்கும் டிஃபனியே, ஓடிப்போ என்று அவனிடம் சொல்கிறாள். பிறகு தூக்கில் தொங்கியவனைக் காப்பாற்றுவதும் அவள்தான். இப்போது அவளுக்கு 16கூட ஆகவில்லை. இதையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா என்று பெரியவர்கள் பதறுவார்கள். இதெல்லாம் பிள்ளைகளுக்குத்தானே நடக்கிறது?

எல்லா இளையோர் நாவலும் இப்படி இல்லைதான். அச்சில் வார்த்ததுபோல வருபவையே அதிகம். டிஃபனி வரிசையிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. கடைசி நாவலான 'தி ஷெப்பர்ட்ஸ் க்ரௌன்' சில இடங்களில் மெலிந்துதான் இருக்கிறது. 2007இல் அல்ஸைமர் வகை நோய் இருப்பதை அறிவித்த பிராட்செட் 2015 மார்ச்சில் இறந்தார். நாவல் அதே ஆண்டு ஆகஸ்டில் வந்தது.

ஆனால் அந்த நாவலில்தான் கிரானி வெதர்வேக்ஸ் இறக்கிறாள். பெரியவர்களுக்கான நாவல்களில் பல ஆண்டுகள் வளர்ந்து வந்த சூனியக்காரி அவள். தன் நேரம் வந்துவிட்டது என்று தெரிந்ததும் அழுது புலம்பவில்லை. வீட்டைத் துடைக்கிறாள், கழிவறையைத் தேய்த்துக் கழுவுகிறாள், எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திவிட்டுப் படுத்துக்கொள்கிறாள். மரணத்தோடு தானும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஒரு எழுத்தாளன், தன் மகத்தான பாத்திரத்தின் சாவை எந்த அலமாரியில் வைத்தான் பாருங்கள். நாம் குரலைத் தாழ்த்திப் பேசும் அதே அலமாரியில். அந்தச் சாவைத் தாங்கவும், கிழவி விட்டுப்போன வேலையை எடுத்துச் செய்யவும் இளைய வாசகருக்குத் தெம்பு உண்டு என்று அவர் நம்பினார்.

அதனால் அடுத்த முறை பரிந்துரைக்கும்போது அந்த 'ஆனாலும்'ஐ விட்டுவிடுங்கள். பிராட்செட்டுக்கு அதனால் நஷ்டம் எதுவும் இல்லை. ஆனால் நீங்கள் சொல்வதை எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டுக்கொண்டிருக்கலாம். தன்னை உலுக்கிய புத்தகம் ஏதோ மட்டமான சரக்குபோல என்று அவள் முடிவுசெய்துவிடுவாள். பெரிய மனுஷி ஆகிவிட்டதைக் காட்ட, அதைப் பாதியிலேயே மூடியும் வைத்துவிடுவாள்.