ரப்பர் பை பிடித்த மாணவர்கள்

1952 ஆகஸ்ட். டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் போலியோ தலைவிரித்தாடியது. தொற்றுநோய்களுக்கான பிளெக்டாம் மருத்துவமனையில், மூச்சுத் தசைகள் செயலிழந்து சேர்க்கப்பட்ட 31 பேரில் 27 பேர் முதல் மூன்று வாரங்களிலேயே இறந்துபோனார்கள். கைவசம் இருந்ததோ ‘இரும்பு நுரையீரல்’ எனப்படும் மூச்சு இயந்திரம் ஒன்றே ஒன்று, மார்பில் கவசம்போல் பொருத்தும் சிறு கருவிகள் ஆறு.

வழி தெரியாத தலைமை மருத்துவர் லாஸன், மயக்கவியல் நிபுணர் பியோர்ன் இப்சனை அழைத்தார். நோயாளிகளின் ரத்தத்தில் பைகார்பனேட் ஏறியிருந்ததை மற்றவர்கள் காரத்தன்மை என்று நினைத்திருந்தார்கள். இல்லை, கரியமில வாயு வெளியேற முடியாமல் உள்ளேயே தேங்குகிறது, மூச்சு போதவில்லை என்றார் இப்சன். ஆகஸ்ட் 27 அன்று 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிடச் செய்து குழாய் செருகி, அதில் இணைத்த ரப்பர் பையைக் கையால் அழுத்தி நுரையீரலுக்குக் காற்று செலுத்தினார். சிறுமி பிழைத்தாள்.

ஒரு சிறுமிக்குச் சரி. ஒரே நேரத்தில் எழுபது பேருக்கு இரவு பகலாக யார் அழுத்துவது? கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மாணவர்கள் வந்தார்கள், பல் மருத்துவ மாணவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சுமார் 1,500 பேர், முறைபோட்டுக்கொண்டு மாதக்கணக்கில் பை அழுத்தினார்கள். மொத்தம் 1,65,000 மணி நேரம் என்பது கணக்கு. நோயாளிக்கு நினைவு தெளிவாக இருக்கும், ஆனால் பேச முடியாது. காற்று போதுமா, அழுத்தம் கூடிவிட்டதா என்பதைக் கண்ணையும் முகத்தையும் பார்த்தே மாணவர் தெரிந்துகொள்ள வேண்டும். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத பாடம் அது. இறப்பு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அதே நகரின் இன்னொரு மருத்துவமனையில் இப்சன் தொடங்கிய பிரிவைத்தான் உலகின் முதல் ஐ.சி.யூ. என்று பலரும் சொல்கிறார்கள்.

அந்த மாணவர்கள் படித்த கோபன்ஹேகன் பல்கலைக்கழகம் 1479-இல் தொடங்கியது. மருத்துவப் புலம் ஆரம்பத்திலிருந்தே உண்டு. ஆனால் பழைமையை வைத்து அதிகம் மெச்ச வேண்டியதில்லை. நெடுங்காலம் அங்கே மருத்துவம் என்றால் லத்தீன் நூல்களும் வாதங்களும்தான். கத்தி பிடிக்கும் வேலை நாவிதர்களுடையது என்று ஒதுக்கப்பட்டிருந்தது. அறுவை சிகிச்சையைக் கற்றுத்தர 1785-இல் தனியாக ஓர் அரச கழகமே தொடங்க வேண்டியிருந்தது. 1842-இல்தான் இரண்டும் ஒன்றாயின. கழகத்தின் பழைய கட்டடம் இப்போது மருத்துவ அருங்காட்சியகம். பெண்கள் விஷயத்திலும் அவசரம் காட்டவில்லை. பெண்களைச் சேர்க்க 1875-இல்தான் அரசாணை வந்தது. 1877-இல் சேர்ந்து, 1885-இல் நீல்சினே நீல்சன் அந்நாட்டின் முதல் பெண் மருத்துவரானார். அதே 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரி மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டிருந்தது என்பதை நாம் கொஞ்சம் பெருமையோடே சொல்லிக்கொள்ளலாம்.

அங்கே படித்தவர்கள் பெற்ற நோபல் பரிசுகளும் உண்டு. ஃபின்சன், குரோக் என்று வரிசை நீளும். புழுவால் புற்றுநோய் வருகிறது என்று காட்டியதற்காக ஃபிபிகருக்குக் கிடைத்த பரிசு அதில் ஒன்று. அவர் சொன்னது தவறு என்று பிற்பாடு தெரிந்தது!

ஆனால் மருத்துவப் புலத்தின் பிரதான கட்டடத்துக்கு வைத்திருப்பது பேட்டர் லுட்விக் பானும் என்பவரின் பெயர். 1846-இல் ஃபாரோ தீவுகளில் தட்டம்மை பரவி, ஏறத்தாழ 7,800 பேரில் 6,000 பேர் படுத்தார்கள். டென்மார்க் அரசு அனுப்பிவைத்தது 25 வயதுப் பானுமை. படிப்பு முடித்துச் சில மாதங்களே ஆகியிருந்தன. அவர் ஊர் ஊராகப் போய், யார் யாரிடம் எப்போது போனார்கள், எத்தனை நாள் கழித்துத் தடிப்பு வந்தது என்று விசாரித்து எழுதினார். தொற்றியதிலிருந்து தடிப்பு வர 13, 14 நாளாகிறது என்று கண்டார். 65 ஆண்டுகளுக்கு முன்பு, 1781-இல் தட்டம்மை கண்ட முதியவர்களை இந்த முறை அது தொடவில்லை என்பதையும் கவனித்தார். ஒருமுறை வந்தால் ஆயுளுக்கும் பாதுகாப்பு என்ற முடிவு, வைரஸ் என்றால் என்னவென்றே தெரியாத காலத்தில், வீட்டு வாசல்களில் கேட்ட பதில்களிலிருந்து கிடைத்தது.

பை பிடித்த மாணவர்களும் பானுமும் கற்றது நோயாளிகளின் பக்கத்தில் நின்று. நம்மூரில் மருத்துவக் கல்வி பற்றிய பேச்சு நீட், சீட், கட்டணம் என்பதைத் தாண்டுவதே இல்லை. அந்தக் கவலைகள் நியாயமானவை. ஆனால் சீட் கிடைத்த பிறகு அந்தப் பிள்ளை யாருக்காக, எங்கே நின்று கற்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கொரோனா இரண்டாம் அலையின்போது, 2021 மே மாதத்தில், இறுதியாண்டு மாணவர்களையும் ஆசிரியர் மேற்பார்வையில் லேசான நோயாளிகளைக் கவனிக்க ஒன்றிய அரசு அனுமதித்தது. நெருக்கடி தீர்ந்ததும் அந்த யோசனையும் முடிந்தது.

வாய்ப்பு இன்னும் கையில் இருக்கிறது. தேசிய மருத்துவ ஆணையத்தின் பாடத்திட்டப்படி எம்.பி.பி.எஸ். மாணவர் ஒவ்வொருவரும் கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். அது ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்குவதோடு நின்றால் வீண். ஒரு கல்லூரியில் 150 பேர், ஆளுக்கு மூன்று வீடு என்றால் 450 வீடுகளின் சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தசோகை விவரம் ஆண்டுதோறும் சேரும். தருமபுரி போன்ற ஒரு மாவட்டத்தில் தொடங்கலாம். அந்த விவரங்களைப் பெயர் நீக்கி மாவட்டச் சுகாதாரத் துறையிடம் ஒப்படைப்பதையும், அதை மாணவர்களே அறிக்கையாக எழுதி வெளியிடுவதையும் மருத்துவப் பல்கலைக்கழகம் மதிப்பெண்ணுக்குரிய பாடமாக்க வேண்டும்.