பூஜைக்கு 6 மாதம் முன்பே

கொல்கத்தாவின் துர்கா பூஜையை யுனெஸ்கோ 2021-ல் தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பூஜை வருவது செப்டம்பர், அக்டோபரில். சிக்கனமான தாய்க்கோ மார்ச்சிலேயே ஆரம்பம். வங்காள ஆண்டின் கடைசி மாதமான சைத்ரத்தில், பழைய சரக்கைத் தள்ளிவிட கரியாஹாட், ஹாதிபாகான் நடைபாதைக் கடைகள் விலையைக் குறைக்கின்றன. சொன்ன விலையில் பாதிக்குக் கேட்டுத்தான் அவர் பேரத்தையே தொடங்குவார். பையனுக்கு ஒரு அளவு பெரிய சட்டை. பூஜைக்குள் வளர்ந்துவிடுவானே! அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டால் சட்டை தம்பிக்குப் போகும். வளராவிட்டால் கையை மடித்துத் தைக்க வேண்டியதுதான்.

விஜயதசமிக்குப் பின் ஆசி வாங்க வரும் உறவினர்களுக்குக் கடை இனிப்பு கட்டுப்படியாகாது. தேங்காயும் வெல்லமும் கிளறிப் பிடித்த 'நாரு' உருண்டை வீட்டிலேயே தயாராகிவிடும்.

இரண்டு செலவுகளில் மட்டும் அவர் கணக்குப் பார்ப்பதில்லை. அஷ்டமி காலை அஞ்சலிக்குப் பிள்ளைகள் புதுத்துணியில் போக வேண்டும். இரவில் பந்தல் பந்தலாகச் சுற்றிக் களைத்து அவர்கள் கேட்கும் முட்டை ரோல் உடனே கிடைக்க வேண்டும். அவர் உடுத்தியிருப்பது போன வருடச் சேலை. பிள்ளைகளிடம் 'இல்லை' என்று சொல்லத் தேவையில்லாத அந்தச் சில நாட்களுக்காகத்தான் சைத்ரத்தில் அத்தனை பேரம்.