காசு முழுசு, ஆட்டம் அரைவாசி

2017 நவம்பரில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் சொன்ன பதில் ஒன்று இன்றைக்கும் என் எரிச்சலைக் கிளப்புகிறது. 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரன்ட் 2' விளையாட்டை 80 டாலர் கொடுத்து வாங்கிய ஒருவர், "இவ்வளவு கொடுத்தும் டார்த் வேடரைப் பூட்டித்தான் வைத்திருக்கிறீர்களா?" என்கிற தொனியில் கேட்டார். நாயகர்களை ஒவ்வொருவராகத் திறக்கும்போது ஆடுகிறவருக்குப் பெருமிதமும் சாதித்த நிறைவும் கிடைக்க வேண்டும், அதுதான் எங்கள் நோக்கம் என்று பதில் வந்தது. அந்தப் பதிலுக்கு 6 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேல் எதிர்வாக்கு விழுந்து, கின்னஸ் புத்தகத்திலும் ஏறியது.

அதோடு அந்த வாதம் ஒழிந்திருக்க வேண்டும். ஒழியவில்லை. கோவை மதுக்கரை மார்க்கெட் பக்கம் ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று கேம் ஆட விடுகிற கடையில் உட்கார்ந்தாலும் சரி, தமிழ் கேமிங் யூடியூபர் ஒருவரைக் கேட்டாலும் சரி, அதே சரக்கு உள்ளூர்ப் பொட்டலத்தில் வருகிறது: "கஷ்டப்பட்டு அன்லாக் பண்ணாத்தான் ப்ரோ கெத்து. எல்லாத்தையும் மொதல்லயே குடுத்துட்டா மதிப்பு இருக்காது."

கஷ்டம் என்கிறார்களே, அது என்ன கஷ்டம் என்று பார்த்துவிடுவோம். வேடரின் விலை 60,000 கிரெடிட். அதைச் சேர்க்க ஏறக்குறைய 40 மணி நேரம் ஆகும் என்று ஒருவர் அப்போதே கணக்குப் போட்டுக் காட்டினார். கூச்சல் கிளம்பியதும் நிறுவனம் விலையை 15,000 ஆக்கியது. ஒரே அறிவிப்பில் முக்கால்வாசிப் பெருமிதம் தள்ளுபடி! ஆடித் தள்ளுபடியில்கூட நம் கிராஸ்கட் ரோட்டு ஜவுளிக் கடைகள் இவ்வளவு தாராளம் காட்டுவதில்லை.

இதைவிட எனக்குப் பிடித்த சாட்சி நின்டெண்டோவின் 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலே'. வந்தது 2001-ல். மொத்தம் 25 பேர், அவர்களில் 11 பேர் பூட்டுக்குள். அவர்களில் ஒருவரான மியூட்டூவுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, 700 ஆட்டம் ஆடுவது. இல்லாவிட்டால் 20 மணி நேரம் ஆடுவது. அந்த 20 மணி நேரம் கன்ட்ரோலர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கூடும். ஆக, நான்கு கன்ட்ரோலரைச் செருகி ஆட்டத்தைத் தொடங்கிவிட்டுப் போய்ப் படுத்தால், 5 மணி நேரத்தில் கணக்கு முடிந்துவிடும். விடிந்து எழுந்து பார்த்தால் மியூட்டூ வாசலில் நிற்பார். இதில் சாதித்தது ஆடுகிறவரா, மின்வாரியமா? பூட்டு பெரும்பாலும் கேட்டது நேரத்தைத்தான். திறமையை அது பெரிதாகக் கேட்கவில்லை.

நேரம் யாரிடம் இருக்கிறது என்பதுதான் விஷயமே. பள்ளி விடுமுறையில் இருக்கிற பையனிடம் இருக்கும். சிமென்ட் ஆலையில் ஷிப்ட் முடித்து வந்து, சோறு தின்றுவிட்டு, தூங்கப் போவதற்கு முன்னால் அரை மணி நேரம் கன்ட்ரோலரைக் கையில் எடுக்கிற மனிதரிடம் ஏது? இரண்டு பேரும் கடையில் கொடுத்தது ஒரே விலை.

லீவுக்கு வந்த மச்சினன் மகனோடு 'நீட் ஃபார் ஸ்பீட் மோஸ்ட் வாண்டட்' ஆட உட்கார்ந்தேன். 2005-ல் வந்த பழைய ஆட்டம், ஆனாலும் நன்றாக இருக்கும்.

"மாமா, இந்தக் காருக்கு ஏன் பூட்டுப் போட்டிருக்குது?"

"கதைல ஒவ்வொருத்தனா ஜெயிச்சு வந்தாத்தான் தொறக்குங் கண்ணு. பதினஞ்சு பேரு."

"எத்தன நேரமாகும்?"

"நீ ஊருக்குப் போறதுக்குள்ள ஆகாது."

பையன் டிவியை மாற்றிக் கார்ட்டூன் போட்டுக்கொண்டான். பெருமிதம் அடைய அவனுக்குக் கொடுத்துவைக்கவில்லை போலிருக்கிறது.

பிரவுசிங் சென்டர் காலத்தில் இதற்கு வழி இருந்தது. 'வைஸ் சிட்டி' ஆடினவர்களுக்குத் தெரியும்: நோட்டுத் தாளில் எழுதின சீட் கோடுகள் கை மாறிக்கொண்டே இருக்கும். 'பேன்சர்' என்று தட்டினால் டாங்கி வந்து நிற்கும். ஊரின் மறு பாதிக்குப் போகிற பாலம் மட்டும் எந்தக் கோடுக்கும் மசியாது. கதையில் 'நாம்பென் 86' வரை வந்தால்தான் மறு கரை. ஒரு மணி நேரக் காசு கொடுத்தவன் எந்தக் காலத்தில் அவ்வளவு தூரம் போவது? விவரமான கடைக்காரர்கள் முழுதும் முடித்த சேவ் ஃபைல் ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்து போட்டு வைத்திருந்தார்கள். அந்த சிஸ்டத்துக்குத்தான் வரிசை நிற்கும். கெத்து பேசுகிறவர்கள் அந்த வரிசையை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

"ஆதி காலத்திலிருந்தே கேம்னா அப்படித்தான்" என்பார்கள். எந்த ஆதி காலம்? 'டெக்கன் 3' 1997-ல் ஆர்கேட் மெஷினாக வந்தபோது, பல போராளிகள் மெஷின் ஓடிய நாள் கணக்குப்படி தாமாகவே திறந்துகொண்டார்கள். காசு போட்டவன் மறுபடி மறுபடி கடைக்கு வரவேண்டும் என்பதற்கான ஏற்பாடு, வேறென்ன. மறு வருஷம் அது பிளேஸ்டேஷனுக்கு வந்தபோது ஆரம்பத்தில் 10 பேர்தான். மற்றவர்களைத் திறக்கத் தனியாக உட்கார்ந்து ஆர்கேட் பகுதியைத் திரும்பத் திரும்ப முடிக்க வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து ஆடவே பிறந்த ஆட்டத்துக்குத் தனிமைத் தவம் எதற்கு?

"புதுசா வர்றவங்க குழம்பிடுவாங்க." நாற்பது வகை தோசை எழுதின பலகையைப் பார்த்து நாம் என்ன குழம்பியா செத்தோம்?

"பூட்டு இல்லாவிட்டால் சலித்துவிடும்." 2014-ல் வீ யூ கன்சோலுக்கு வந்த 'மரியோ கார்ட் 8'-ல் பூட்டுகள் உண்டு. 2017-ல் அதையே 'டீலக்ஸ்' என்று ஸ்விட்ச்சுக்குக் கொண்டுவந்தபோது 48 பாதைகளையும் முதல் நாளே திறந்துவிட்டார்கள். ஓட்டுகிறவர்களில் தங்க மரியோ ஒருவர்தான் பாக்கி. பூட்டு வைத்த பதிப்பு 80 லட்சத்துச் சொச்சம் விற்றது. திறந்துவிட்டது 6 கோடியைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. பழைய கன்சோலே படுத்துவிட்டதே, அதனால்தான் என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும். எல்லாம் திறந்திருந்ததால் சலித்துப்போய் வைத்துவிட்டேன் என்று ஒருத்தரும் இதுவரை என்னிடம் வந்து சொல்லவில்லை.

இவர்கள் கடைசியாக எடுத்து வீசுகிற சீட்டு தாயம். அதைப் பண்பாட்டுத் தொனியில் வேறு சொல்வார்கள்: "நம்ம பாட்டிமார் ஆடின தாயத்திலேயே அன்லாக் இருக்குங்க. தாயம் விழாம காய் எறங்காது. வெட்டு இல்லாம உள்கட்டத்துக்குப் போக முடியாது." கேட்பதற்குச் சரிதான் என்று தோன்றும். அமுச்சியோடு திண்ணையில் உட்கார்ந்து ஆடின எவருக்கும் இதிலுள்ள புரட்டு தெரியும்.

தாயத்தின் பூட்டு ஆட்டத்துக்கு உள்ளே இருக்கிறது. ஆட்டம் தொடங்கும்போது எல்லாருக்கும் சேர்த்து விழும், முடிந்ததும் எல்லாருக்கும் சேர்த்துக் கழன்றுவிடும். ஐம்பது வருஷமாகத் தாயக்கட்டை உருட்டுகிற அமுச்சிக்கும் தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். பல்லடத்திலிருந்து அன்றைக்குத்தான் வந்திறங்கிய சின்னம்மா மகளுக்கும் அதே தாயம்தான். "நான் போன வருஷமே நூறு வெட்டு வெட்டியிருக்கேன், அதனால எனக்கு மட்டும் உள்கட்டம் தொறந்தே இருக்கும்" என்று அமுச்சி சொன்னால், சாக்பீஸ் கட்டத்தை அழித்துவிட்டு எல்லாரும் எழுந்துபோவோம். வைகுண்ட ஏகாதசி ராத்திரி பரமபதம் ஆட உட்கார்கிறவர்களும் இப்படித்தான். போன ஏகாதசிக்கு ஏறின ஏணியை இந்த ஏகாதசிக்கு யாரும் தூக்கிக்கொண்டு வருவதில்லை. வீட்டுக்கு வந்த ஆளை, முதலில் தனியாக உட்கார்ந்து 20 மணி நேரம் ஆடிவிட்டு வா, அப்புறம் நல்ல காய் தருகிறேன் என்று அனுப்பி வைத்த திண்ணை கொங்கு நாட்டில் எந்த ஊரில் இருந்தது? இன்னொன்றும் உண்டு. தாயம் விழாமல் தவிக்கிறவரிடம் வந்து, "நூறு ரூபா குடுங்க, நான் காயை எறக்கி விடறேன்" என்று எவரும் கேட்டதில்லை. வேடர் விவகாரத்தின் மூலமே அதுதான்: 40 மணி நேரம் முடியாதவர்கள் காசு கொடுத்துப் பரிசுப் பெட்டி வாங்கிக்கொள்ளலாம் என்று பக்கத்திலேயே ஒரு கதவு. வெளியீட்டு நாளுக்குச் சற்று முன்பாக அந்தக் கதவை அவர்களே சாத்திக்கொண்டார்கள்.

நீலாம்பூரிலிருந்து மதுக்கரை வரும் பைபாஸில் வண்டி ஓட்டியவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாக இருக்காது. வண்டி வாங்கும்போதே சாலை வரி கட்டியாச்சு, அப்புறமும் டோல்கேட்டில் நிறுத்துவார்கள். ஆனால் அங்கே ரசீதோடு பெருமிதமும் சேர்த்துத் தருகிறோம் என்று யாரும் சொல்வதில்லை.

மொபைலில் இப்போது நேரம், காசு இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். பிஜிஎம்ஐ ஆட்டத்தின் ராயல் பாஸுக்குக் காசும் கொடுக்க வேண்டும், கொடுத்த காசுக்கான சட்டையையும் தொப்பியையும் பெற நாள்தோறும் ஆடவும் வேண்டும். சீசன் முடிவதற்குள் எட்டாத படியில் இருந்த பொருள் போச்சு. இதற்கும் "உழைப்பு" என்றே பெயர் சொல்கிறார்கள். அதற்கு முந்தைய பப்ஜியில் அப்படி உழைத்தவர்களுக்கு நடந்ததும் தெரியும்: 2020 செப்டம்பர் 2-ல் மத்திய அரசு தடை, அக்டோபர் 30-ல் சர்வர் மூடல். மறு வருஷம் பிஜிஎம்ஐ வந்து பழைய கணக்கைக் கொண்டுவர வழிவிட்டது, பலருக்குச் சாமான்கள் மீண்டன. அதுவரை எட்டு மாதம் அவர்கள் சம்பாதித்து வைத்திருந்த கெத்து எந்த சர்வரில் இருந்தது என்று அந்த யூடியூபர்களைத்தான் கேட்க வேண்டும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. செட்டிங்ஸில் ஒரு வரி: எல்லாவற்றையும் திற. பூட்டோடு ஆடத்தான் பிடிக்கும் என்கிறவர்கள் அதைத் தொடாமல் இருந்துகொள்ளலாம். 2018-ல் வந்த 'செலஸ்ட்', மலையேறுவதே வேலையாக உள்ள கடினமான ஆட்டம். அதிலேயே வேகத்தைக் குறைத்துக்கொள்ளவும், சாகாமல் ஆடவும், ஒரு கட்டத்தைத் தாண்டிப் போகவும் மெனுவில் வழி வைத்தார்கள். கஷ்டப்பட்டு ஏற விரும்பினவர்கள் இன்றைக்கும் கஷ்டப்பட்டு ஏறிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.