ஒப்பந்தத்தோடு போன கடிதங்கள்

மாண்புமிகு இந்திய வெளியுறவு அமைச்சர் அவர்களுக்கு,

1988 முதல் 1990 வரை இலங்கையில் இந்திய அமைதி காக்கும் படையின் அரசியல் ஆலோசகராகப் பணியாற்றியவர் நீங்கள். அந்தப் படை ஏன் போனது என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாட்டுக்கு நீங்கள் சொல்ல வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

தமிழ்நாட்டில் எங்களுக்குத் தெரிந்த கதை இது. யாழ்ப்பாணம் இலங்கை ராணுவத்தின் முற்றுகையில் கிடந்தது. 1987 ஜூன் 3 அன்று நாம் படகுகளில் அனுப்பிய நிவாரணப் பொருட்களை இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பி அனுப்பியது. மறுநாளே ஐந்து சரக்கு விமானங்கள், மிராஜ் போர் விமானங்கள் துணைக்கு வர, யாழ்ப்பாணத்தின் மீது உணவு மூட்டைகளைப் போட்டன. அந்த நடவடிக்கைக்கு 'பூமாலை' என்று பெயர் வேறு! டெல்லி நம் சொந்தங்களுக்காக எழுந்துவிட்டது என்று நம்பினோம். அது பொய்யில்லை, பாதி உண்மை.

மறுபாதி, ஜூலை 29 அன்று பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனேவும் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறிக்கொண்ட கடிதங்களில் இருக்கிறது. திருகோணமலை உள்ளிட்ட துறைமுகங்களை இந்திய நலனுக்குக் கேடாக எந்த நாட்டின் படைக்கும் தரக் கூடாது. அங்குள்ள எண்ணெய்த் தொட்டிகளை இரு நாடுகளும் சேர்ந்து நடத்த வேண்டும். அந்நிய வானொலி நிலையங்கள் ராணுவ, உளவு வேலைக்குப் பயன்படக் கூடாது. 'வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா'வை நினைத்து எழுதிய வரி அது. அமெரிக்காவும் பாகிஸ்தானும் இஸ்ரேலும் வாசலில் வந்து உட்கார்ந்துவிடுமோ என்ற பயம் அந்தக் கடிதங்களில் தெரிகிறது.

பலம் மிக்க அண்டை நாடுகள் பெரும்பாலும் இப்படித்தான் படை அனுப்புகின்றன. சோமாலியாவின் இடைக்கால அரசைக் காக்க என்று 2006 டிசம்பரில் படையெடுத்துப் போன எத்தியோப்பியாவுக்கும் தன் பகை நாடான எரித்திரியா பற்றிய கவலை இருந்தது. பயப்படுவது குற்றமில்லை. எந்த அரசுக்கும் அந்த உரிமை உண்டு. அந்தப் பயத்துக்குச் சொந்தபந்தத்தின் பெயரைச் சூட்டியதுதான் குற்றம்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவை இரண்டு அரசுகள். தமிழர் தரப்பில் ஒருவரும் இல்லை. அந்த ஒப்பந்தப்படி அமைதி காக்கப் போன படை, அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கியது. அக்டோபர் 21, தீபாவளி நாள். நம் படையினர் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் நுழைந்து சுட்டதில் நோயாளிகள், மருத்துவர்கள், செவிலியர்கள் என அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். உள்ளே புலிகள் இருந்தார்கள் என்பது படையின் விளக்கம். மறுநாள் காலை, சரணடைகிறோம் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு செவிலியர்களோடு நடந்து வந்த குழந்தை மருத்துவர் ஒருவரும் சுடப்பட்டார். மூன்று ஆண்டுகளுக்குள் நம் சிப்பாய்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரும் அந்த மண்ணில் மடிந்தனர். 1990 மார்ச்சில் கடைசி அணி சென்னைக்குத் திரும்பியபோது, வரவேற்க முதல்வர் கருணாநிதி துறைமுகத்துக்குப் போகவில்லை.

இன்றைய கணக்கையும் பார்த்துவிடலாம். ஒப்பந்தம் வாக்களித்த வடக்கு-கிழக்கு இணைப்பை 2006-இல் இலங்கை உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. 2007 ஜனவரி 1 முதல் இரண்டும் தனித்தனி மாகாணங்கள். காவல், காணி அதிகாரங்கள் இன்னும் மாகாணங்களின் கைக்கு வரவில்லை. கடிதத்தில் கேட்ட எண்ணெய்த் தொட்டிகளோ, தாமதமானாலும் வந்து சேர்ந்தன. 2022 ஜனவரியில் போட்ட ஒப்பந்தப்படி, மொத்தமுள்ள 99-இல் 61 கூட்டு நிறுவனத்துக்கு, 14 இந்தியன் ஆயில் நிறுவனத்தின் இலங்கைத் துணை நிறுவனமான லங்கா ஐஓசிக்கு.

போர் நடவடிக்கைகளின் ஆவணங்களைப் பொதுவாக 25 ஆண்டுகளில் வெளியிடலாம் என்று 2021-இல் பாதுகாப்பு அமைச்சகமே கொள்கை வகுத்தது. அந்தக் கெடு எப்போதோ தாண்டிவிட்டது. கொழும்பிலிருந்து வந்த தூதரகத் தந்திகளையும், கடிதங்கள் உருவான கோப்புகளையும், மருத்துவமனைச் சம்பவம் குறித்துப் படையிடம் உள்ள குறிப்புகளையும் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அனுப்புங்கள். உங்கள் கையெழுத்தில் உள்ள அந்நாளைய அறிக்கைகளையும் சேர்த்தே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டுக் குடிமகன் ஒருவன்